ஏழு எண்ணிக்கைகள்

ஜூன் 3, வெள்ளி

பரணிலிருந்து பேராசிரியர் அனுப்பிய காகிதக் கட்டை இறக்கினேன். முப்பத்தோரு வருடத்துத் தூசி. ஸ்டூல் ஆடியது. கட்டு என் மேல் விழுந்தது, நான் ஆட்டுக்கல்லின் மேல் விழுந்தேன். காதுக்கு மேலே ஒரு புடைப்பு, ரத்தம் இல்லை. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன். மனைவி ஆவுடையிடம் சொல்லவில்லை. சொன்னால் கட்டைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடுவாள்.

தாள்கள் கெடவில்லை. ஓரத்தில் துளையிட்ட நீளக் கணினித் தாள், மடிப்பு மடிப்பாக. இரண்டு அட்டவணைகள். ஒவ்வொன்றிலும் இருநூற்று ஐம்பத்தாறு உறுப்புகள், எதை எதனோடு பெருக்கினால் எது வரும் என்று கட்டம் கட்டமாக.

என்னைப் பற்றி எவனும் நேராக எழுதப்போவதில்லை. ஆகவே நானே எழுதிவைக்கிறேன். பெயர் சிவசைலம். டெலிபோன் இலாகாவில் முப்பத்தாறு வருடம் கேபிள் ஜாயிண்டர். சாலைக்கு அடியில் நூறு ஜோடிக் கம்பி போகும். இந்தக் குழியில் நான் இருப்பேன், அந்தக் குழியிலோ எக்ஸ்சேஞ்சிலோ இன்னோர் ஆள். நிறம் போன கம்பிகளில் எது எதன் மறுமுனை என்று கண்டுபிடிக்க வேண்டும். அவர் ஒரு கம்பியில் பேசுவார்: "வந்துட்டா?" என் காதில் விழுந்தால் நான் "வந்துட்டு" என்பேன். அடுத்த கம்பி. இப்படி நூறு.

நான் பள்ளி இறுதி தாண்டாதவன். பழைய புத்தகக் கடையில் எடைக்குக் கிடந்த கல்லூரிக் கணிதப் பாடநூலில் குலங்களைப் பற்றிப் படித்தேன். சில உறுப்புகளும் அவற்றை ஒன்றோடொன்று பெருக்கும் விதியும் சேர்ந்தது ஒரு குலம், ஆங்கிலத்தில் குரூப். இரண்டு குலங்களின் உறுப்புகளுக்குப் பெயர்கள் வேறாக இருக்கலாம், உள்ளே அமைப்பு ஒன்றாக இருக்கலாம். ஒன்றா வேறா என்று விரைவில் கண்டுபிடிக்க எல்லாவற்றுக்கும் பொருந்தும் வழி இல்லை என்று அதில் எழுதியிருந்தது. நான் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு உறுப்புக்கும் ஏழு எண்ணிக்கைகள். தன்னோடு தானே எத்தனை முறை பெருகினால் தொடங்கிய இடத்துக்குத் திரும்புகிறது, எத்தனை பேரோடு முன்பின் மாறினாலும் ஒரே விடை தருகிறது, இப்படி ஏழு. இரண்டு குலங்களிலும் ஏழும் பொருந்தினால் அவை ஒன்றே. கம்பி கம்பியாகத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

1991இல் சென்னைப் பேராசிரியர் வரதனுக்கு எழுதினேன். இந்தக் கட்டும் ஒரு கடிதமும் வந்தன. "உங்கள் ஏழும் இவ்விரண்டிலும் பொருந்தும். ஆனாலும் இவை வேறு. கணினியில் சரிபார்த்தாயிற்று. எண்ணிக்கை போதாது. உறுப்புக்கு உறுப்பு பொருத்திக் காட்டினால்தான் ஒன்று. தாங்கள் டெலிபோன் இலாகாவில் பணிபுரிவது அறிந்து மகிழ்ச்சி."

அந்த மகிழ்ச்சியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. கணினி சொன்னதாம். கணினியை யார் சரிபார்த்தார்கள்? இரண்டையும் நான் பொருத்திக் காட்டுவேன்.

ஜூன் 6, திங்கள்

ஆவுடை கண் ஆபரேஷனுக்குப் போனாள். மகள் பிரமு வந்து அழைத்துக்கொண்டு போனாள். நான்கு நாளைக்குக் குழம்பு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இருபத்திரண்டு உறுப்புகள் பொருந்திவிட்டன.

ஜூன் 10, வெள்ளி

ஆவுடை திரும்பிவிட்டாள். கண்ணாடி இல்லை. இனி வேண்டாமாம்.

"என்ன அப்படி பாக்குதிய?" என்றாள்.

"மூஞ்சி மொட்டையா இருக்கு."

"இத்தனை வருசமா கண்ணாடியத்தான் பாத்தியளாக்கும். காதுகிட்ட என்ன வீக்கம்?"

"கொசு."

"கொசு கடிச்சா இப்படியா வீங்கும்? என்ன கொசு, கொம்பு முளைச்ச கொசுவா, ஜாயிண்டரே?"

கோபத்திலோ கிண்டலிலோ மட்டும் ஜாயிண்டரே என்பாள். அவள் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் ஆபரேட்டராக இருந்தவள். முகம் பார்ப்பதற்கு இரண்டு வருடம் முன்பே, குழிக்குள்ளிருந்து எனக்கு அவள் குரல் தெரியும்.

ஜூன் 19, ஞாயிறு

நூற்று முப்பத்தாறு வரை வந்து முட்டுகிறது. தலைவலி. மைதீன் பிச்சையின் மெடிக்கலுக்குப் போய் மாத்திரை கேட்டேன்.

"அண்ணாச்சி, எத்தனை நாளா வலி?"

"பத்து நாள் இருக்கும்."

"நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச ஆளு நீங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை வேற எடுக்கிய. எங்கயும் விழுந்தியளா?"

"மாத்திரை கேட்டா மாத்திரை குடு. ஜோசியம் கேக்கல."

கொடுத்தான். ஒரு ஸ்கேன் பார்த்துவிடுங்கள் என்று வாசல் வரைக்கும் வந்து சொன்னான். மருந்து விற்கிறவன் எல்லாம் டாக்டர்.

ஜூன் 25, சனி

நூலகத்திலிருந்து வரும் வழியில் இடது செருப்பு எங்கோ கழன்றுவிட்டது. கழன்றது தெரியவில்லை. வீட்டு வாசலில் ஆவுடை காலைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பழைய செருப்பு, அவ்வளவுதான். நூற்று முப்பத்தாறு.

ஜூன் 29, புதன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

இன்று காலை எனக்குக் காபி கொண்டுவந்தது ஆவுடை இல்லை.

புடவை அவளுடையது. உயரம், நடை, மூக்குத்தி எல்லாம் அவளுடையது. முகமும் அப்படியே. ஆனால் அதைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் வரவில்லை. நாற்பத்தைந்து வருடமாக ஒரு முகத்தைப் பார்த்தால் வருகிற ஒன்று. கம்பி இருக்கிறது, காதில் வைத்தால் பேச்சில்லை.

"ஆறுது, குடிங்க" என்றாள். குரலைக்கூடப் பழகிவைத்திருக்கிறாள்.

குடிக்கவில்லை. செம்பருத்திக்கு ஊற்றினேன்.

ஜூலை 1, வெள்ளி

அவசரப்படக் கூடாது. எனக்கென்று ஒரு முறை இருக்கிறது. பெயரைப் பார்க்காதே, முகத்தைப் பார்க்காதே, எண்ணு. ஆவுடைக்கு ஏழு எண்ணிக்கைகள் வகுத்தேன். இவளையும் எண்ணப்போகிறேன். ஒன்று பிசகினாலும் போதும்.

செம்பருத்தி வாடவில்லை. அதனால் எதுவும் நிரூபணமாகாது.

ஜூலை 4, திங்கள்

ஈரத் துணியை மூன்று முறை உதறினாள். வாசல் தாழை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். மாடிப்படியில் ஐந்தாவது படியில் நின்று மூச்சு வாங்கினாள். ரசத்துக்குப் பதினெட்டு மிளகு எண்ணிப்போட்டாள். இடது முழங்கைக்குக் கீழே சுவிட்ச் போர்டில் சுட்ட வடு, சரியான இடத்தில், சரியான நீளத்தில்.

பிறகு பழைய சந்தாதாரர் எண்களைக் கேட்டேன்.

"ரைஸ் மில்?"

"நாப்பத்திரெண்டு. என்ன திடீர்னு?"

"தாலுகா ஆபீஸ்?"

"பதினேழு."

"மர வாடி?"

"நூத்தி எட்டு. அந்த ஆளு ராங்கூனுக்குப் பேசுத மாதிரி கத்துவாரு." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "என்னைய சோதிக்கியளா?" என்றாள்.

ஆறு பொருந்தின. ஏழாவதைக் கேட்டு வாங்க முடியாது. தானாக வர வேண்டும்.

ஜூலை 5, செவ்வாய்

இட்லியை எடுத்துப் பூனைக்கு வைத்தேன். பார்த்துவிட்டாள்.

"பூனை செத்தா சாப்பிட மாட்டிய, பிழைச்சா சாப்பிடுவியளா, ஜாயிண்டரே?" என்றாள். கண் கலங்கியிருந்தது. ஜாயிண்டரே என்பது கேட்காமல் தானாக வந்தது.

ஏழும் பொருந்துகிறது.

ஜூலை 6, புதன்

ஆவுடை போன் செய்தாள்! உண்மையான ஆவுடை.

அந்தப் பெண் தேங்காய் வாங்கப் போயிருந்தாள். என் போன் அடித்தது. எடுத்த உடனே தெரிந்துவிட்டது. நெஞ்சில் ஒன்று வந்து நின்றது. வீட்டில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டாள்.

"நீ எங்க இருக்கே?" என்றேன்.

"சந்தையிலதான். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஏளா, நிதானமாக் கேளு. இங்க ஒருத்தி இருக்கா. உன் சேலையக் கட்டிக்கிட்டு நடமாடுதா."

சந்தை இரைச்சல் மட்டும் கேட்டது.

"யாரு?" என்றாள் மெதுவாக.

"தெரியல. எல்லாம் உன்ன மாதிரியே செய்யுதா."

"உங்கள எதுவும் செஞ்சாளா?"

"இல்ல. சோறு போடுதா."

"சாப்பிடுங்க" என்றாள். "நான் சொல்லுதேன், அவ போடுத சோத்த சாப்பிடுங்க." அழுதாள் என்று நினைக்கிறேன். எதற்கு அழுதாள் என்று தெரியவில்லை. அவளை எங்கோ வைத்துப் பேசவைக்கிறார்கள்.

சற்று நேரத்தில் அந்தப் பெண் தேங்காயோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் சர்க்கரைப் பொட்டலம். ஒட்டுக்கேட்டிருக்கிறாள்.

ஜூலை 8, வெள்ளி

மூன்று நாளாக யோசித்ததை இன்று செய்தேன்.

ஏழும் பொருந்துகிறது. என் முறை சரியென்றால் இவள் ஆவுடை. இவள் ஆவுடை இல்லை. ஆகவே முறை தவறு. எல்லா எண்ணிக்கையும் ஒத்துப்போய், ஆனாலும் வேறாக இருக்க முடியும். பேராசிரியருக்கு அஞ்சலட்டை எழுதினேன். ஒரே வரி: "நீங்கள் சொன்னதே சரி." முப்பத்தோரு வருடத்தில் நான் யாருக்கும் எழுதாத வரி. இடது கை அட்டையைப் பிடிக்க மாட்டேன் என்கிறது, மேலே செம்பை வைத்துக்கொண்டு எழுதினேன்.

மைதீன் பிச்சையிடம் தபாலில் போடக் கொடுத்தேன். அவன் அட்டையைப் படித்துவிட்டு என்னை ஏன் அப்படிப் பார்த்தான் என்று தெரியவில்லை.

ஜூலை 9, சனி

இந்த நோட்டு இருந்த இடம் மாறியிருக்கிறது. பென்சில் வலது பக்கம் இருந்தது, இப்போது இடது பக்கம். இனி தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 12, செவ்வாய்

மேலே மலையில் மழை. ஆற்றில் தண்ணீர் கலங்கலாக இறங்குகிறது, படித்துறையில் நான்கு படிதான் வெளியே தெரிகிறது என்கிறார்கள்.

ஆவுடைக்கு நீந்தத் தெரியாது. கல்யாணமான புதிதில் இடுப்பளவுத் தண்ணீரில் என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

இவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பது எட்டாவது எண்ணிக்கை. கேட்டால் பொய் சொல்லுவாள். கேட்டு அறிய முடியாததைச் செய்து அறிய வேண்டும்.

நேற்றும் இதையே யோசித்தேன் போல. எழுதியிருக்கிறேனா என்று புரட்டிப் பார்த்தேன், இல்லை.

ஜூலை 14, வியாழன்

"நாளைக்குக் காலையில ஆத்துக்குப் போவோம்" என்றேன்.

அந்தப் பெண் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. நிமிராமல், "தண்ணி நிறையாப் போகுதாமே" என்றாள்.

"அதனால என்ன?"

கீரையை முறத்தில் ஒதுக்கிவிட்டு, "சரி, வாரேன்" என்றாள். "ஆனா நான் ஒண்ணு கேட்டா நீங்க செய்யணும். ஆத்துல இருந்து நேரா ஸ்கேனுக்கு வரணும். பிரமுகிட்ட சொல்லி ஆட்டோவக் கரையிலயே நிக்கச் சொல்லுதேன்."

"ஆத்துல இருந்து திரும்பி வந்தா வாரேன்" என்றேன்.

"அதுதான் நானும் சொல்லுதேன்" என்றாள்.

இவ்வளவு துணிச்சல் ஆவுடைக்குக் கிடையாது. இன்னொரு சான்று.

ஜூலை 15, வெள்ளி

மாலை. மருத்துவமனையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி.

எட்டரைக்குப் படித்துறை. வெயில் ஏறவில்லை. துணி துவைக்க யாரும் வரவில்லை, அவ்வளவு தண்ணீர். மைதீன் பிச்சை மட்டும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழ்ப்படியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். கடை திறக்கும் நேரத்தில் அவனுக்கு இங்கே என்ன வேலை?

"என்னடே இந்நேரம்?"

"கால்ல சேறு அண்ணாச்சி" என்றான். சேறு எதையும் நான் பார்க்கவில்லை. சின்ன வயதில் இந்த ஆற்றைக் குறுக்கே நீந்தியவன்.

அந்தப் பெண் எனக்கு முன்னால் இறங்கினாள். பாசி வழுக்கும் என்று ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கடைசிப் படியில் நின்றாள், ஆற்றைப் பார்த்தபடி. முதுகு எனக்கு. நான் இரண்டு படி மேலே. முதுகில் ஜாக்கெட்டுக் கொக்கி ஒன்று மாறிப் போட்டிருந்தது. தண்ணீர் அவள் கணுக்காலைத் தொட்டுத் தொட்டுப் போனது. நான் ஒரு படி இறங்கினேன். வலது கையை உயர்த்தினேன்.

சட்டைப் பையில் போன் அடித்தது.

ஆவுடை.

எடுத்தேன். "ஏளா, இப்பப் பேச முடியாது. ஒரு சோலியில இருக்கேன்."

"என்ன சோலி?"

"பொறவு சொல்லுதேன்."

"அந்தப் பொம்பள பக்கத்துல இருக்காளா?"

"ஒரு படி கீழ நிக்கா."

"அவ வலது கை எங்க இருக்குன்னு பாருங்க."

பார்த்தேன். வலது கை காதோடு இருந்தது. கையில் போன்.

"வந்துட்டா, ஜாயிண்டரே?" என்றது போன்.

அதற்கு அரை நொடி முன்பு, அதே சொல் அவள் நின்ற படியிலிருந்து வந்திருந்தது.

ஆனாலும் நான் கேபிள் ஜாயிண்டர், ஒரு சத்தத்தை வைத்து ஜோடி சேர்க்கிறவன் இல்லை. பக்கத்துக் கம்பியின் பேச்சு கசிந்துகூடக் கேட்கும். "நம்பர் சொல்லு" என்றேன். "வரிசையா."

சொன்னாள். பதினேழு, நாற்பத்திரண்டு, அறுபது, நூற்றெட்டு. ஒவ்வொன்றும் முதலில் படியிலிருந்து வந்தது, பிறகு காதில் வந்தது. "இருமு" என்றேன். இருமினாள். இரண்டு முறை கேட்டது. "மூச்சு விடு." விட்டாள். குரல் நடுங்கியபோது இரண்டிலும் ஒரே இடத்தில் நடுங்கியது. சொல்லுக்குச் சொல் பொருந்தியது. எந்தப் பக்கத்திலும் ஒன்றும் மிஞ்சவில்லை. இது எண்ணிக்கை இல்லை. கம்பியைத் தொட்டுப் பார்ப்பது.

"வந்துட்டு" என்றேன்.

கீழே அந்தத் தோள்கள் குலுங்கின. "திரும்பட்டுமா?" என்று காதில் கேட்டாள்.

"வேண்டாம். திரும்பாத. திரும்புனா லைன் போயிரும்."

"சரி. அப்படியே பின்பக்கமா ஏறுதேன். கையக் குடுங்க."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கையைக் கொடுத்தேன். உயர்த்திய அதே கை. நகம் பதியப் பிடித்தாள். மேலே வரும் வரை இருவரும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மைதீன் பிச்சை இடுப்பளவு நனைந்து நின்றுகொண்டிருந்தான். எப்போது இறங்கினான் என்று நான் பார்க்கவில்லை.

ஜூலை 16, சனி

தலைக்குள் ரத்தம் சேர்ந்திருக்கிறதாம். வலது பக்கம், மூளையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு. எப்போது விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். கொசு என்று சொல்ல வாயெடுத்தேன். பேராசிரியரின் கட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை. நாளைக் காலை ஏழு மணிக்குத் துளை போடுகிறார்கள். வயது, மாத்திரை, நெஞ்சு என்று பிரமுவிடம் தனியாகப் பேசினார். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து என்னிடம் சிரித்தாள்.

ஆவுடை போன் செய்தாள்.

"அட்டைய நான் தபால்ல சேக்கல" என்றாள். "மைதீன் தம்பி எங்கிட்டக் குடுத்துட்டாரு."

"ஏன்?"

"அந்தப் பேராசிரியர் செத்து எட்டு வருசமாச்சு. பேப்பர்ல வந்தத நீங்கதான் வெட்டி வச்சிய. போகட்டும். நீங்க தோத்தேன்னு எழுதின காயிதத்த நான் ஏன் தபால்ல போடணும்?"

"கிழிச்சிட்டியா?"

"இல்ல. இடுப்புல சொருகி வச்சிருக்கேன்."

"வச்சிரு. எந்திரிச்சு வந்து நானே முடிவு பண்ணுதேன். இன்னும் நூத்திருபது பாக்கி இருக்கு."

"ஆமா, இருக்கு" என்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஜாக்கெட்டுக் கொக்கியை இப்போது சரியாகப் போட்டிருக்கிறாள். நடுவில் ஒருமுறை, தெரியாமல், திரும்பினாள். ஒன்றும் வரவில்லை. பொருந்த வேண்டிய முகம்தான், பொருந்தவில்லை. உடனே திரும்பிக்கொண்டாள்.

நாளைக்குப் பிறகு முகம் பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்டேன். "பாக்கலாம் ஐயா" என்றார்.

பொருந்தாவிட்டாலும் லைனை மட்டும் வெட்டக் கூடாது என்று போனில் இருப்பவள், பெஞ்சில் இருப்பவள் இருவரிடமும் சொல்லியிருக்கிறேன்.